கூலி வாங்காத பூச்சி

"அந்தச் செடிங்களோட நுனியை வெட்டணும் மேடம். பதினொண்ணுலயும். இன்னைக்கே."

கேட்டே விட்டாள். மேடத்திடம் என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள், யுக்காச் செடியில் கத்தரிக்கோல் வைக்கச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா ஒரு வருஷமாகச் சொல்லி வந்தாள். கெஞ்சியும் சொன்னாள், கரண்டியை ஓங்கியும் சொன்னாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாயிற்று.

வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, தோட்டத்துக்கு வரும் பூச்சிகளைக் குறிக்கிற நோட்டில் எழுதிக்கொண்டிருந்த மேடம் பேனாவை மெதுவாக மூடினார். அவர் என்றைக்கும் சத்தம் போட்டவர் இல்லை. சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம்.

"உக்காரேன் கண்ணு" என்றார். உட்கார அங்கே வேறு நாற்காலி கிடையாது.

"நிக்கிறேன்."

"அம்மா கேக்கச் சொன்னாளா?"

"நான் கேக்கறது அம்மாவுக்கே தெரியாது. காலையில அவங்க முகத்தைப் பாத்தீங்களா? வலது கண்ணுக்குக் கீழே நீளமாக் கீறியிருக்கு. ஒரு விரல் மேலே போயிருந்தா?"

"போகலையே. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு."

அம்மாவுக்கு இருப்பது அந்த வலது கண் ஒன்றுதான். இடது கண்ணைப் போன வருஷம் இதே பூக்கிற பருவத்தில் இதே செடி எடுத்துக்கொண்டது.

கிழக்குச் சுவரோரம் பதினொரு யுக்கா. கத்தி கத்தியாக நூறு இலை, இலை ஒவ்வொன்றின் நுனியிலும் கருத்த ஊசி. எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுத் தோட்டக்காரியான அம்மாதான் கன்றுகளைக் குழி வெட்டி வைத்தாள். அன்றைக்கு அது கணுக்காலைக் குத்தியது. வளர்ந்து முழங்காலைக் குத்தியது, தொடையைக் குத்தியது, இடுப்பில் கிழித்தது. அவசரமே படாமல் ஏறி வந்து போன வருஷம் கண்ணுக்கு வந்து சேர்ந்தது.

"எங்க நர்சரியில லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி எல்லாச் செடிக்கும் நகவெட்டியால நுனியை நறுக்குவாங்க மேடம். ஒரு நகத்தளவுதான். செடிக்கு ஒண்ணும் ஆகாது."

ஊருக்கு வெளியே இருந்த மொத்த விற்பனை நர்சரி ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். தாவரவியலில் பட்டம் வாங்கியவளுக்குத் தொட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை. மேடம் வீட்டு கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் அவளை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். "என்ன டிகிரி, இன்னைக்கு எத்தனை ரோஜாவுக்குப் பேர் வச்சே?" என்பார். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த வீட்டில் தன்னைப் படித்தவள் என்று ஒப்புக்கொள்கிற ஒரே மனுஷன் அவர்தான் என்று புரிந்து, விட்டுவிட்டாள்.

"வெட்டின நுனி பழுப்பாயிடும்மா" என்றார் மேடம். "ஞாயித்துக்கிழமை நடுவர் வர்றாங்க. பதினொண்ணும் சொறி புடிச்ச மாதிரி நிக்கணுமா? ஏன், நீ ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்தியே. அதைப் போட்டுக்கச் சொல்லு."

"வெல்டிங் கடை மாதிரி இருக்கு, கழட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"போட்டோ எடுக்கறப்ப சொன்னேன்."

அந்தத் தோட்டத்தில் போட்டோ எடுக்காத நேரம் எது? அதுவும் போக, வியர்வையில் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். இரண்டு கண் உள்ளவளுக்கே மங்கும். அம்மா இரண்டு நாள் போட்டுவிட்டுத் துணிப்பெட்டியில் வைத்துவிட்டாள்.

மேடம் நோட்டுக்கடியிலிருந்து ஒரு தாளை உருவினார். தோட்டக்கலைச் சங்கத்தின் போட்டிக்கான விண்ணப்பம். தேனீ, வண்ணத்துப்பூச்சி, வண்டு எல்லாவற்றுக்கும் சோறு போடுகிற தோட்டத்துக்கான பரிசு. அதில் ஒரு விதி இருந்தது: எந்தச் செடியும் வெறும் அழகுக்காக நிற்கக் கூடாது, எந்தச் செடியை எந்தப் பூச்சி நாடி வருகிறது என்று பட்டியல் கொடுக்க வேண்டும். சூரியகாந்திக்கு நேராகத் தேனீ. எலுமிச்சைக்கு நேராகப் பட்டாம்பூச்சி. யுக்காவுக்கு நேராக மேடத்தின் குண்டு குண்டுக் கையெழுத்தில், 'யுக்கா அந்துப்பூச்சி'. கீழே ஒரு கோடு: 'சரிபார்த்த தாவரவியல் பட்டதாரி'.

"இதுல ஒரு கையெழுத்து போடு கண்ணு. ஞாயித்துக்கிழமை நல்லபடியா முடியட்டும். திங்கட்கிழமை நானே நகவெட்டி வாங்கித் தர்றேன்."

"அந்தப் பூச்சி இந்த நாட்டுலயே கிடையாது மேடம்."

"காய் இருக்கே. நீயே போய்ப் பாரேன், எவ்வளவு காய்."

"காய் எங்கம்மா வச்சது."

"மெதுவாச் சொல்லு" என்று சிரித்தார் மேடம். "உங்கம்மாதான் காய்ச்சிருக்கான்னு யாராவது நெனச்சுக்கப் போறாங்க."

*

காய் எப்படி வந்தது என்பது அவள் தொண்டையில் நின்ற முள்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மேடம் கல்லூரி முதல்வரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லி இடம் வாங்கித் தந்திருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிறகு அம்மாவிடம் ஓராயிரம் தடவை சொல்லியிருந்தார். வகுப்பில் காலையில் கேட்டதைச் சாயங்காலத்துக்குள் யார் தலையிலாவது கொட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராத காலம் அது.

அந்த வருஷம்தான் யுக்கா முதன்முதலாகப் பூத்தது. இலைக்கொத்துக்கு நடுவிலிருந்து தண்டு கிளம்பி, அதில் வெள்ளை வெள்ளையாக மணி தொங்கவிட்டது போலப் பூ. மூன்று வாரம் இருந்துவிட்டு, ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காமல், உச்சியில் மிச்சமிருந்த நாலைந்தைத் தவிர மொத்தமும் உதிர்ந்தது. மேடம் உதிர்ந்த பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "என் தோட்டத்துல என்ன குறையோ" என்றார்.

சும்மா போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"குறை உங்க தோட்டத்துல இல்ல மேடம். இந்தச் செடிக்குன்னே ஒரு அந்துப்பூச்சி இருக்கு. சின்னதா, வெள்ளையா. இது பிறந்த ஊர்லதான் அதுவும் இருக்கும். பெண் பூச்சி ஒரு பூவுல மகரந்தத்தை உருண்டை பிடிச்சு எடுத்துட்டுப் போய், இன்னொரு பூவுல முட்டை வச்சிட்டு, அதோட சூல்முடியில திணிச்சுட்டுப் போகும். சும்மா செய்யாது. புழு பொரிச்சதும் காய்க்குள்ள கொஞ்சம் விதையைத் தின்னுக்கும். அது பூச்சிக்குக் கூலி. மிச்ச விதை செடிக்கு. தேனீயோ வண்டோ வந்து இந்த வேலையைச் செய்யாது."

"அப்ப நமக்குக் காயே கிடையாதா?"

அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் அம்மாவுக்கு இன்றைக்கு இரண்டு கண் இருந்திருக்கும்.

"ஒரு பெயின்ட் பிரஷ் குடுங்க மேடம்" என்றாள்.

ஸ்டூல் போட்டு ஏறி, மிச்சப் பூவில் பூச்சியின் வேலையை அவளே செய்து காட்டினாள். மேடம் கை தட்டினார். அடுத்த பருவத்தில் பிரஷ் அம்மாவின் கைக்குப் போய்விட்டது. பெண் படிக்கப் போய்விட்டாளே, வேறு யார் செய்வது? யுக்காப் பூ சாயங்காலத்தில்தான் நன்றாக விரியும். வெளிச்சம் மங்குகிற வேளையில், ஊசி ஊசியாக நிற்கிற இலைகளுக்கு நடுவே தலையை விட்டு, பூப்பூவாகத் தொட்டு வர வேண்டும். மூன்று வாரம். பதினொரு செடி. போன வருஷம் ஒன்பதாவது நாள் ஒரு நுனி உள்ளே போயிற்று.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை எவ்வளவோ மேல். அது தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்கிறது.

மேடம் தன் காரிலேயே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி உருகுகிறாள். சீட்டில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் உட்காரச் சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள். கண்ணைப் பொத்தியிருந்த துணியிலிருந்து ஒழுகியது தாளில் விழுந்தது. சீட் தப்பித்தது.

ஒற்றைக் கண்ணில் என்ன கோளாறு என்றால், தூரம் தெரியாது. எது பக்கத்தில், எது எட்டத்தில் என்று இரண்டு கண்ணும் பேசி முடிவு செய்கிற விஷயம் அது. இலையைப் பக்கவாட்டில் பார்த்தால் நீளம் தெரியும். நேராகக் கண்ணைக் குறி வைத்து நிற்கிற இலை வெறும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி ஒரு முழம் தள்ளி இருக்கிறதா, இமையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா என்று அம்மாவுக்குச் சொல்ல யாருமில்லை. தொட்ட பிறகு தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

*

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அம்மாவும் மகளும் பதினாலு வருஷமாக இருக்கும் வீடு. அவள் உள்ளே நுழைந்தபோது அம்மா டீயை டம்ளருக்கு அரை விரல் முன்னால் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேடையில் ஓடியதைத் துணியால் துடைத்துவிட்டு, டம்ளர் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்து மறுபடி ஊற்றினாள். பழகிவிட்டது.

"கேட்டுட்டியா?"

"யாரு சொன்னா?"

"மேடம் கூப்பிட்டுச் சொன்னாங்க. கோபமே படலை. 'உன் பொண்ணுக்கு உன்மேல எவ்வளவு பாசம் பாரு'ன்னாங்க. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

"உன் நாக்கை ஏன் புடுங்கிக்கறே?"

"உன் நாக்கு கைக்கு எட்டலையே, அதான்." டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். "உப்புப் போட்ட வீடுடி இது."

"கண்ணைக் குத்தின வீடு."

"வீடா குத்துச்சு? செடி குத்துச்சு. நான்தான் பாத்து வேலை செஞ்சிருக்கணும்."

"எதை வச்சுப் பாப்பே? இன்னொண்ணும் போச்சுன்னா எதை வச்சு டீ ஊத்துவே? எந்த வீடு உனக்கு உப்புப் போடும்? இந்த மேடம் அன்னைக்கே ஒரு புது ஆளை வச்சுப்பாங்க. உன்னை அதே பேப்பர்ல உக்கார வச்சு எங்கேயாவது கொண்டுபோய் இறக்கிட்டு வருவாங்க."

அம்மா டீப் பாத்திரத்தை மேடையில் வைத்தாள். இருந்த கண்ணால் மகளை நேராகப் பார்த்தாள். பிறகு மிக நிதானமாகக் கேட்டாள்: "அந்த பிரஷ்ஷை முதல்ல கொண்டாந்தது யாருடி?"

ஒரு வருஷமாக இந்த அறையில் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி நடந்த கேள்வி. கால் படாமல் தாண்டித் தாண்டிப் போன கேள்வி. அம்மா அதை ஒரு நல்ல கத்தியைப் போலத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

"ஸ்டூல் போட்டு ஏறி நின்னு, பாட்டனி பாட்டனின்னு பெருமை பீத்தினது யாரு? நானா கேட்டேன், எனக்கு ஒரு வேலை கண்டுபுடிச்சுக் குடுன்னு? இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. மேடத்துக்கும் ஞாபகம் இருக்கு, அவங்களும் சொல்லிக்காட்டினதில்ல. அந்தப் பெருந்தன்மைக்காவது போய்க் கையெழுத்தைப் போட்டுட்டு வா."

அவள் டீயைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

மேடத்திடமிருந்து விண்ணப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "ரெண்டு விஷயம்" என்றாள். "திங்கட்கிழமை நுனி வெட்டணும். அதுவரைக்கும் அம்மா உள்ள தலையை விடக் கூடாது."

"ரெண்டும் சரி" என்றார் மேடம்.

போட்டாள். அம்மா வரை அவள் குடும்பத்தில் எல்லாரும் கட்டைவிரலை மையில் தோய்த்தவர்கள். பட்டதாரி என்று அச்சடித்த கோட்டுக்கு மேலே அந்த வம்சம் போட்ட முதல் கையெழுத்து அது. சுத்தப் பொய்க்குக் கீழே, அழகாக, கோடு போட்டு முடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் நர்சரியிலிருந்து திரும்பும்போது கேட்டில் வாட்ச்மேன், "டிகிரி, உங்கம்மா சுவரோரம் ஒளிஞ்சு விளையாடறாங்க போலிருக்கு" என்றார். ஓடினாள். இன்னும் பூ இருந்த கடைசி இரண்டு செடிகளுக்கு நடுவே அம்மாவின் முதுகு தெரிந்தது. கையில் பிரஷ்.

"வெளிய வா!"

"கத்தாதே, கை ஆடுது."

"மேடம் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"சொன்னாங்க. எங்கிட்டயும் சொன்னாங்க." அம்மா தலையை வெளியே எடுக்கவில்லை. குரல் மட்டும் இலைகளுக்குள்ளிருந்து வந்தது. "ஆனா நடந்துபோறப்ப இங்க நின்னு, விரிஞ்சு கிடக்கற பூவைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டாங்க. அதுக்கு மேல வாய் விட்டு வேற சொல்லணுமா?"

*

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று நடுவர்கள் வந்தார்கள். இரண்டு பேர் சங்கத்து ஆட்கள், தலையாட்டுவதற்கென்றே வந்தவர்கள். மூன்றாமவர் பூச்சியியல் பேராசிரியர், ஓய்வு பெற்றவர். கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியது. மூங்கில் குழாய்களை அடுக்கிச் செய்த தேனீக்கூட்டைப் பார்த்தார், கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டைப் பார்த்தார், மருந்தடிக்காத இலைகளைத் திருப்பிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். மேடத்தின் முகம் பளபளவென்று இருந்தது. அம்மா பூவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவளுடைய இடது பக்கம் தெரியாதபடி நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

யுக்கா வரிசைக்கு வந்ததும் பேராசிரியர் நின்றார். தண்டு முழுக்கத் தடித்தடியாகப் பச்சைக் காய்.

"அந்துப்பூச்சின்னு எழுதியிருக்கீங்களே. இங்கேயா?"

"நாங்களும் நம்பலை சார்" என்றார் மேடம். "எப்படியோ எங்க தோட்டத்தைத் தேடி வந்திருச்சு."

அவர் ஒரு காயைத் திருகினார். பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து நீளவாக்கில் பிளந்தார். உள்ளே வரிசை வரிசையாக விதை, நெருக்கி அடுக்கிய பொத்தான் மாதிரி. கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இன்னொரு காய். இன்னொரு செடியில் ஒன்று. நாலு காயைப் பிளந்த பிறகு கத்தியைத் துடைத்தார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளும் படித்தவள்தானே.

"ஒரு விதைகூடக் குறையல. ஓட்டை இல்ல, புழு குடைஞ்ச தடம் இல்ல. அந்தப் பூச்சி முட்டை வைக்காம மகரந்தம் திணிக்காது. தன் பங்கைத் தின்னாமப் போகாது." அவர் நாலு பேருக்கும் பொதுவாகச் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்சு உலகத்துல கூலி வாங்காத பூச்சி இது ஒண்ணுதான். யாரு பாத்தது இதை?"

மேடம் அவளைக் காட்டினார்.

"நீயா கையெழுத்து போட்டது? சரி, சொல்லு. எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினாள்.

"அஞ்சடி இருக்கும் சார்."

சங்கத்து ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

"அதோ, பூவாளியோட நிக்குது. சாயங்காலம் சாயங்காலம் வரும். கூலி வாங்கலைதான். இவங்கதான் அதுகிட்ட ஒரு கண்ணை வாங்கிக்கிட்டாங்க. இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க, தெரியும்."

யாரும் திரும்பச் சொல்லவில்லை. மேடத்தின் முகத்தில் ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு அவருக்கே உரிய அந்த மெத்தென்ற குரல் வந்தது.

"சார், நான் வீட்டோட இருக்கறவ. எனக்குப் பூச்சியும் தெரியாது, புழுவும் தெரியாது. டிகிரி படிச்ச பொண்ணு, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்." அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ பொய் சொல்ல மாட்டே. நீயே சொல்லு. இந்த பிரஷ் வேலையெல்லாம் யாரு ஆரம்பிச்சது?"

அம்மா பூவாளியைத் தரையில் வைத்தாள். தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிட்டாள். 'டங்' என்று விழுந்து தண்ணீர் எல்லார் செருப்பிலும் ஓடியது.

"என் பொண்ணுதாங்க" என்றாள்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

பேராசிரியர் தாளில் எதையோ அடித்துத் திருத்தினார். "யுக்காவை அழகுச்செடின்னு எழுதிக்கறேன். அதுக்குப் புள்ளி கிடையாது. மத்தபடி தோட்டம் பிரமாதம்." போகும்போது அவளிடம் நின்று, "படிச்ச படிப்புக்கு ஒரு மரியாதை வேணாமா? உன் கல்லூரிக்கு நான் எழுதத்தான் போறேன்" என்றார். அம்மாவைத் தாண்டித்தான் நடந்தார். தண்ணீரில் கால் வைக்காமல் கவனமாகத் தாண்டினார்.

கார் போன சத்தம் அடங்கியதும் அவள் மேடத்திடம் வந்தாள். அவமானம், ஆத்திரம் எல்லாம் இருந்தது. ஆனால் கேட்க வேண்டியது ஒன்றுதான்.

"நாளைக்குத் திங்கட்கிழமை. நுனி வெட்டறேன்னு சொன்னீங்க."

மேடம் அவளை ஒரு புதுச் செடியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "உன் கையெழுத்து செல்லும்னு நெனச்சுச் சொன்னேன்."

"மேடம்."

"அழகுச்செடின்னு எழுதிட்டுப் போயிட்டாங்களே கண்ணு. இப்ப அதுக்கு இருக்கறது அந்த அழகு ஒண்ணுதான். அதையும் வெட்டணுமா?" ஒரு காலடி போய்விட்டுத் திரும்பினார். "உங்கம்மாகிட்ட சொல்லிடு. காயெல்லாம் தண்டோட எடுத்துடணும். நாளையிலேர்ந்து உள்ள போய்க் காய்ஞ்ச இலையை எல்லாம் அடி வரைக்கும் பிச்சு எடுக்கணும். தினமும். அழகுக்குன்னு ஆயிட்டா அழகா இருக்கணுமில்ல?"

*

மத்தியானம் அவள் பின்னறைக்கு வந்து தன் துணிகளைப் பையில் வைத்தாள். கொஞ்சம்தான். பட்டச் சான்றிதழைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்னடி செய்யட்டும்? ரெண்டு பேரும் தெருவுக்கு வர முடியுமா? உனக்குப் படிப்பு இருக்கு, எங்கே போனாலும் பொழைச்சுக்குவே. எனக்கு இந்த அறைதானே இருக்கு?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேளேன். திட்டேன். இப்படி மூஞ்சியை வச்சுக்காதே."

"நீ சொன்னது நெசம்தான். பிரஷ்ஷைக் கொண்டாந்தது நான்தான். அதை யாரு முடிச்சு வைக்கறதுன்னுதான் யோசிச்சேன். யோசிச்சு முடிச்சுட்டேன்." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நர்சரியில ஒரு அறை காலியா இருக்கு. ஓனர்கிட்ட போன்ல பேசிட்டேன். வர்றதா இருந்தா வா."

"வரமாட்டேன்."

"தெரியும். எப்ப வேணா வா."

கட்டிலுக்கு அடியில் குனிந்து, கிளை அறுக்கும் வளைந்த ரம்பத்தை எடுத்தாள். வரும் வழியில் சாமான் அறையிலிருந்து கொண்டுவந்து, அம்மா பார்க்காத இடது பக்கமாகவே நடந்து, அங்கே வைத்திருந்தாள். அம்மா அதைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அதை எதுக்கு எடுக்கறே? நுனி வெட்டவா ரம்பம்?"

"நுனி இல்ல."

அம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் வாசலை மறிக்க ஓடி வந்தாள். நிலைப்படி இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று நினைத்து வந்தவள் தோளை இடித்துக்கொண்டாள்.

"பதினொண்ணையுமா? அடப்பாவி, எட்டு வருஷம்டி! நான் தண்ணி ஊத்தி வளத்தது!"

"தெரியும். தண்டு மெத்துன்னுதான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே அறுத்தா ஒரு செடிக்கு ரெண்டு நிமிஷம். பயப்படாதே, செத்துப் போகாது. அந்தச் சனியனைக் கொல்லவே முடியாது. அடியிலேர்ந்து மறுபடி தளிர் விடும். உன் கண்ணு உயரத்துக்கு ஏறி வர எப்படியும் நாலு வருஷம் ஆகும்."

"இன்னைக்கே என்னை வெளிய துரத்திடுவாங்க!"

"துரத்தினா நர்சரிக்கு வழி தெரியும் உனக்கு."

"நீ என் வயித்துல பொறந்தியா, இல்ல எனக்குன்னு முளைச்சு வந்தியா? சத்தியமாச் சொல்றேன், இதைச் செஞ்சா உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன். சாகற வரைக்கும் உன் மூஞ்சியைப் பாத்துப் பாத்துத் திட்டுவேன்!"

அவள் அம்மாவின் கையை நிலைப்படியிலிருந்து விரல் விரலாக எடுத்தாள். கன்னத்துக் கீறலில் பொருக்கு கட்டியிருந்தது. அதற்கு மேலே அந்தக் கண் சிவந்து, நிறைந்து, அவளைக் கொன்றுவிடுவது போல முறைத்தது. நல்ல கண். தெளிவான கண்.

"திட்டு" என்றாள். "பாத்துத் திட்டறதுக்குத்தான் ஒண்ணை மிச்சம் வைக்கறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரம்பத்தை வலது கையில் பிடித்தபடி, வெயிலில் இறங்கிக் கிழக்குச் சுவரைப் பார்த்து நடந்தாள்.